கதையில் செத்தவளுக்கு வந்த கோடி

ஆதிகேசவன் நாவல் எழுதப் போவதாகச் சொன்னபோது ஜெயம்மாளுக்குப் பகீரென்றது.

மனுஷன் ஒரு வேலையிலும் நிலையாக உட்கார்ந்தவரில்லை. மீசை முளைக்கும் வயதில் கருட சேவைக்குக் குடை பிடித்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டினார். திரும்பி வந்து டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்தார், பட்டுக் கடைக்கு ஆள் பிடித்தார், பஸ்ஸில் விசில் ஊதினார். கடைசியில் யார் கையைக் காலைப் பிடித்தோ நகராட்சியில் பில் கலெக்டராகி, வீடு வீடாகத் தண்ணீர் வரி கேட்டு ஊரார் வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அறுபத்தொன்பதாம் வருடம் ரிட்டையர் ஆனார். இனியாவது சும்மா கிடப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். மறுவாரமே கட்டுக் காகிதத்தோடு வந்து நின்றார்.

"நாவலா? நீங்களா?"

"ஏன்? இந்த ஊர்ல நான் ஏறாத படி இருக்குதா? எனக்குத் தெரியாத கதையா?"

"படி ஏறினீங்க. எவன் உள்ள விட்டான்?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுதினார். அதைவிட அதிர்ச்சி, பட்டணத்து வாரப் பத்திரிகை ஒன்று அதை வாங்கிப் போட்டது. வியாழக்கிழமைதோறும் தொடர்கதை.

ஜெயம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தேவகி எட்டாவது வரை படித்தவள். குழாயடியில் தண்ணீர் வரும்வரை அவள் உரக்கப் படிக்க, குடங்களுக்கு நடுவே பெண்கள் குந்தியிருந்து கேட்பார்கள். கதாநாயகி பெயர் செங்கம்மா. இரண்டாவது வாரமே தேவகி பாதியில் நிறுத்தி நிமிர்ந்தாள்.

"யக்கா! இது நீதான்!"

நின்றுகொண்டே கஞ்சி குடிப்பது, உள்ளங்கையில் உப்பை வைத்து நக்குவது, பிரியம் வந்தால் 'நாசமாப் போறவனே' என்று திட்டுவது, எல்லாம் அப்படியே இருந்தது. குழாயடி சிரித்து உருண்டது. ஜெயம்மாளுக்கு உடம்பு கூசியது. ஆனால் புகழ் யாரை விட்டது? ஒரு மாதத்தில் அவளுக்கே பிடித்துப்போயிற்று. பெண்களும் செங்கம்மாவை மறந்தார்கள். "இந்த வாரம் ஜெயம்மா மாமியாரைக் கேட்டா பாரு ஒரு கேள்வி!" என்றுதான் பேச்சு.

செங்கம்மாவுக்குக் கதையில் ஓர் அண்ணன் இருந்தான். அவன் வரும்போதெல்லாம் ஜெயம்மாள் தேவகியை இன்னொரு தரம் படிக்கச் சொல்வாள். அவளுடைய சொந்த அண்ணன் கண்ணாயிரம் முசரவாக்கத்தில் பயிர் வைத்திருக்கிறார். இவள் மகள் கல்யாணத்தன்று அவர் வந்த பஸ் வழியில் படுத்துவிட்டது. முகூர்த்தம் தப்புகிறதே என்று ஆதிகேசவன் தாய்மாமன் மாலையைத் தூரத்து உறவுக்காரன் ஒருவனைப் போடச் சொல்லிவிட்டார். வேர்க்க விறுவிறுக்கச் சீர்த்தட்டோடு வந்த கண்ணாயிரம் பந்தல் காலோடு நின்றார். "இனிமே உன் வாசப்படிய மிதிச்சா, அது உனக்குக் கோடி போடத்தான்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத் தட்டோடு திரும்பிப் போனார். செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்தும் கடைசிப் புடவைதான் கோடி. கேட்ட சொல்லா அது? ஆறு வருடமாக இவள் சொல்லியனுப்பாத ஆளில்லை. அவர் வரவில்லை. உயிரோடு இருக்கும்போது அண்ணன் ஒருதரம் வந்து கை நனைத்துவிட்டுப் போனால் போதும், இவளுக்கு வேறு ஆசை கிடையாது.

அந்த வியாழக்கிழமை செங்கம்மா விஷக்காய்ச்சலில் செத்துப்போனாள். தேவகியால் கடைசி வரியைப் படிக்க முடியவில்லை. குழாயில் தண்ணீர் வந்தும் யாரும் குடத்தை நகர்த்தவில்லை. தன் சாவைத் தானே உட்கார்ந்து கேட்ட ஜெயம்மாள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தாள். நேராக வீட்டுக்குப் போனாள்.

"என்னை எதுக்குச் சாவடிச்சீங்க?"

"கதைக்கு வேண்டியிருந்துது."

"வேணும்னா நீங்க சாவறது!"

"பொய்ச்சாவு வந்தா ஆயுசு கெட்டிம்மா" என்று சமாளித்தார் எழுத்தாளர்.

மறுநாள் காலையிலும் குழாயடியில் அழுகை ஓயவில்லை. "பாவி மனுஷன், ஜெயம்மாவ அநியாயமா சாவடிச்சிட்டாரே!" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அப்போது பார்த்துப் பால் ஊற்ற வந்தான் முசரவாக்கத்துச் சின்னப்பையன். அவனுக்குத் தொடர்கதை ஏது, செங்கம்மா ஏது? கேனைக்கூட இறக்காமல் சைக்கிளைத் திருப்பினான்.

உச்சி வெயிலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. ஏழெட்டு ஆட்கள் குதித்தார்கள். முன்னால் கண்ணாயிரம், கக்கத்தில் புடவைப் பொட்டலம். கூடத்தில் எழுதிக்கொண்டிருந்த ஆதிகேசவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்.

"என் தங்கச்சி எங்கடா?"

"உள்ளதான் மச்சான்... மாவு அரைச்சிக்கினு..."

"பொணத்த உள்ள போட்டுட்டு மாவா அரைக்கிறீங்க?"

பின்கட்டிலிருந்து ஜெயம்மாள் மாவுக் கையோடு ஓடி வந்தாள். வந்தவர்கள் அடித்துவைத்த முளைபோல நின்றார்கள். ஒருவன் வாயிலிருந்த வெற்றிலை அப்படியே கீழே விழுந்தது. கண்ணாயிரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. அவர் விரலெல்லாம் மாவு.

"செத்தாதான் வருவியா அண்ணா?"

"வரணும்னுதான் இருந்தேன் ஜெயா. சொன்ன சொல்லு வாசல்ல குறுக்க நின்னுச்சு."

அண்ணனும் தங்கையும் அழுத அழுகையில் நெசமான சாவு தோற்றது. செத்தது கதையில்தான் என்று தேவகி ஓடிவந்து சொல்ல, விஷயம் விளங்கிய ஆட்கள் ஆதிகேசவனை என்ன செய்வது என்று தெரியாமல் முறைத்தார்கள்.

"சாவுன்னு வந்துட்ட. தலை முழுகிட்டு வா, சோறு போடறேன்" என்றாள் ஜெயம்மாள்.

"ஒரு வாட்டி உன்னத் தலை முழுகினது போதும்மா. இன்னொரு வாட்டி முழுக மாட்டேன்."

புழுதிக் காலோடு ஆதிகேசவனுக்குப் பக்கத்து இலைமுன் உட்கார்ந்தார். இரண்டாவது வாய் எடுக்கும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மாப்பிள்ள, கதையில அவ அண்ணன் கோடி கொண்டாந்தானா?"

ஆதிகேசவன் முகம் செத்துப்போயிற்று. அடுத்த வாரத்துக்கானதை எப்போதோ அனுப்பியாகிவிட்டது.

"கொண்டாரல மச்சான். நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சு எழுதிட்டேன்."

கண்ணாயிரம் கையிலிருந்த சோற்றை இலையில் போட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "அப்ப ஊரு உலகமெல்லாம் படிக்கும், நான் வரலன்னு" என்றார் குழந்தை மாதிரி.

பாதிச் சாப்பாட்டில் எழுந்த ஆதிகேசவன் தபாலாபீசுக்கு ஓடினார். 'அண்ணன் வருகிறான், மாற்றவும்' என்று பத்திரிகைக்குத் தந்தி கொடுத்தார். அங்கே என்ன நினைத்தார்களோ, பதிலே இல்லை. இந்த ஊரில் எல்லாரையும் தெரியும் என்று மார்தட்டிய மனுஷன் நாலு நாள் பேனாவைத் தொடவில்லை.

வியாழக்கிழமை ஜெயம்மாள் குழாயடிக்குப் போனாள். உடம்பில் அரக்குக் கரை போட்ட மஞ்சள் பட்டு. சாவுக்கு வருகிற வழியில் அண்ணன் பேரம் பேசாமல் வாங்கி வந்த அதே கோடி.

"ஐயோ யக்கா! கோடிய உசுரோட யாராவது கட்டுவாங்களா?" தேவகி வாயைப் பொத்தினாள்.

"நீ படி."

தேவகி அந்தப் புடவையைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள். பொழுது சாய்ந்தது. பிறந்த வீட்டுக் கோடிக்காகப் பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அண்ணன் வரவில்லை. கோடி போர்த்தாமலே செங்கம்மாவைத் தூக்கினார்கள்.

"நிறுத்து" என்றாள் ஜெயம்மாள். "அது பொய்யி. எங்க அண்ணன் வந்துச்சு."