தோற்காத சோதனை

சந்தேகம் ஜசினெய்டியோடு கூடப் பிறந்தது. கம்பினா கிராண்டி ஊர்ச் சந்தையில் மரவள்ளி மாவு வாங்கப் போனால், மூட்டையின் அடிவரை கைவிட்டு அள்ளி முகர்ந்து பார்ப்பாள். "என்மேல நம்பிக்கை இல்லியா?" என்று கடைக்காரன் முறைத்தால், "உன்மேல இருக்கு, மாவுமேலதான் இல்ல" என்பாள். இவளைக் கட்டிக்கொண்டவன் சில வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு, சண்டை சச்சரவில்லாமல் விலகிப் போனான்.

இந்தக் குணத்துக்கும் சம்பளம் தரும் வேலை ஒன்று உண்டு. பல்கலைக்கழக ஆய்வகத்தில், கணினி இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலைச் சோதிக்கிற வேலை அது. கெர்னல்காரர்களிடம் ஒரு வழக்கம்: யாராவது திருத்தம் எழுதி மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினால், அதை ஓட்டிப் பார்த்தவர் 'சோதித்தவர்' என்று தன் பெயரைக் கீழே போடுவார். அதற்குக் காசு கிடையாது. ஆனால் முகம் தெரியாத எத்தனையோ பேர் அந்தப் பெயரை நம்பித்தான் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். ஜசினெய்டி லேசில் பெயர் போடமாட்டாள். சரியாக இருப்பதை வேண்டுமென்றே உடைத்து, சோதனை அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போடுவாள். தோற்கத் தெரியாத சோதனை அவள் கணக்கில் சோதனையே இல்லை.

பக்கத்து மேசை எரிவால்டு அவளுக்கு வெறும் சக ஊழியன் இல்லை. போன ஜூன் திருவிழாவில் சொக்கப்பனைக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனும் நின்று, கைகோத்துச் சத்தியம் செய்து உறவானவர்கள். அந்த ஊரில் அது ரத்த உறவுக்குக் குறைந்ததில்லை. அன்றிலிருந்து அவன் அவளைக் கொமாத்ரி என்றான், அவள் அவனைக் கொம்பாத்ரி என்றாள்.

கெர்னலுக்குள் சின்னச் சின்ன நிரல்களை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றித்தரும் கம்பைலர் ஒன்று இருக்கிறது. அது உருவாக்கும் குறியீடு, தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டால் உடனே கூச்சல் போட வேண்டும். எரிவால்டு எழுதியது அந்தக் காவலைத்தான். அவனுடைய உதவித்தொகை இந்த ஜூனோடு முடிகிறது. திருத்தம் சேர்ந்துவிட்டால் நிரந்தர வேலை தருவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

"இன்னிக்கு சாயங்காலத்தோட திருத்தம் வாங்கற வாசல மூடிடுவாங்க கொமாத்ரி. எல்லாம் பாஸ் ஆயிடுச்சு பாரு. பேரப் போடு."

"ஒருதரம் உடைச்சுப் பாத்துடறேனே."

"நான் என்ன மாவு மூட்டையா, என் அடிவரைக்கும் கையவிட்டுப் பாக்கறதுக்கு?"

உறவு முறைக்காக அன்று முதல்முறையாக உடைக்காமலே பெயர் போட்டாள். திருத்தமும் சேர்ந்துவிட்டது.

மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை ஆய்வகத்தில் எல்லாரும் சோளக் களி தின்றுகொண்டிருந்தபோது, எரிவால்டு எழுதிய காவலைத் தூக்கிவிட்டுச் சோதனையை ஓட்டினாள். விடுவித்த, அதாவது உரிமை போன நினைவகத்தைச் சோதனை வேண்டுமென்றே தொடும். கூச்சல் வந்தால் பாஸ். காவலே இல்லாதபோது கூச்சல் வரக்கூடாது. வந்தது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் பாஸ்.

தோண்டிப் பார்த்ததில் விஷயம் வெளிப்பட்டது. அந்தச் சோதனை நிரலை மாற்ற முடியாமல் கம்பைலர் சத்தமில்லாமல் கைகழுவியிருந்தது. வரிவரியாகப் படித்து ஓட்டும் பழைய இன்டர்பிரட்டர்தான் அதை ஓட்டியிருக்கிறது. அதற்கு ஏற்கெனவே சொந்தக் காவல் உண்டு. நம் வீட்டுக் காவல்காரன் வேலைக்கே வரவில்லை. குரைத்தது பக்கத்து வீட்டு நாய்.

முதலில் எரிவால்டிடம்தான் போனாள்.

"வேற யாருக்கும் தெரியாதுல்ல?" என்றான்.

"எனக்குத் தெரியுமே."

"கொஞ்ச நாள்ல நானே சரிபண்ணி அனுப்பிடறேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத. நெருப்பு சாட்சியா கை குடுத்தவ நீ."

"கை குடுத்தது தப்பில்ல கொம்பாத்ரி. பேரக் குடுத்தேன் பாரு, அதான் தப்பு."

அன்றே குழுவுக்கு எழுதினாள்: 'என் பெயரை எடுத்துவிடுங்கள். நான் ஓட்டிய சோதனை இந்தக் குறியீட்டைத் தொடவேயில்லை.' பொறுப்பாளர் ஒரு வரி நன்றியோடு திருத்தத்தையே எடுத்துவிட்டார். எரிவால்டின் உதவித்தொகை முடிந்தது. மருந்துக்கடை ஒன்றுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதப் போய்விட்டான். போன வருஷம் திருவிழா நெருப்புக்கு அந்தப் பக்கம் நின்றவன், கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. வீட்டுக்கு வந்து அழுதாள். செய்தது சரிதான் என்று தெரிந்தும் அழுகை நிற்கவில்லை.

வெயில் ஏறிய அக்டோபரில், ஒரு சனிக்கிழமை எரிவால்டு மடிக்கணினியோடு அவள் வாசலில் வந்து நின்றான்.

"சரிபண்ணிட்டேன். கம்பைலர் கைகழுவினா இப்ப சோதனையும் அங்கயே நின்னுடும்."

"பாஸ் ஆகுதா?"

"அதக் கேக்காத. காவல எடுத்துட்டு ஓட்டு. நீயே உன் கையால எடு."

எடுத்தாள். ஓட்டினாள். திரையில் சிவப்பாக வந்தது: தோல்வி. காவலைத் திரும்ப வைத்து ஓட்டினாள். பச்சை. மறுபடி எடுத்தாள். சிவப்பு. இருவரும் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்மேல இன்னும் கோவமா?" என்றாள்.

"ஆமா. வேல போச்சுல்ல."

"அப்புறம் ஏன் எங்கிட்ட கொண்டுவந்த?"

"வேற யார்கிட்ட குடுத்தாலும் நல்லாருக்குன்னுடுவாங்க."