ஹெமெதின் பின்னால் போன கூட்டம்

மொம்பாசா கோட்டையை மசெல்லம் முப்பத்தோரு வருடமாகச் சுற்றிக்காட்டுகிறார். எந்தப் பீரங்கி எப்போது வந்தது என்பதெல்லாம் வாய் தானாகச் சொல்லிவிடும். மூட்டுகள்தான் சொன்னபடி கேட்பதில்லை. காலையில் செருப்பை மாட்டும்போதே அலுப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது.

அன்று கப்பலில் வந்திறங்கிய ஒன்பது பேரிடமும் வழக்கம்போல எச்சரித்தார். பழைய நகரத்துச் சந்துகளில் வழி தப்பும். என் முதுகை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

நண்பகலில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தது. ஹெமெத் இறந்துவிட்டார், மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம்.

ஹெமெதும் வழிகாட்டிதான். மசெல்லத்தோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். ஏழு வருடத்துக்கு முன் கோட்டை வாசலில், மசெல்லத்துக்கென்று வந்த கூட்டத்தை இனிக்க இனிக்கப் பேசித் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டான். அதோடு பேச்சு நின்றது. படுக்கையில் விழுந்தபின் இரண்டு முறை ஆள் அனுப்பினான். கால் வலி என்று மசெல்லம் தட்டிக்கழித்தார். பாழாய்ப்போன பிடிவாதம்!

“ஐயோ, அஸர் பாங்கு சொல்லி எவ்வளவு நேரம் ஆச்சு. இதுங்கள எங்க விட்டுட்டுப் போறது?” என்று காப்பி விற்கும் கொம்போவிடம் புலம்பினார்.

“உசுரோட இருந்தப்ப போகல. இப்ப என்ன பெரியவரே அவசரம்?”

“வாய மூடுறா. அடக்கத்துக்கு முன்னாடி இமாம் கேப்பாரு, இவர மன்னிச்சிட்டீங்களான்னு. அங்க நான் இருக்க வேணாமா?”

சொல்லி முடிப்பதற்குள் கலிமா ஓதும் சத்தம் கேட்டது. தொழுகை முடிந்து, உடலைச் சுமக்கும் சந்தூக்கு, பச்சைத் துணி போர்த்தி, தோளுக்குத் தோள் மாறி அந்தச் சந்துக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. இமாம் கேட்டாயிற்று, ஊரும் மன்னித்தாயிற்று. மசெல்லம் மட்டும் பாக்கி.

பாதிப் பேச்சை விட்டுவிட்டுப் பாய்ந்து தோள் கொடுத்தார். ஆளுக்குப் பத்தடி என்பது வழக்கம். பின்னால் வந்தவன் தோளைத் தொட்டான், மசெல்லம் விடவில்லை. மூட்டு கத்தியது. மூலை திரும்பும்போது தற்செயலாகப் பின்னால் பார்த்தார்.

அழுகிற ஆண்களுக்கு நடுவே ஒன்பது வெயில் தொப்பிகள். சொன்ன சொல் தவறாமல், அவர் முதுகைப் பார்த்தபடி வரிசையாக வந்துகொண்டிருந்தன.

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சந்தூக்கின் மரத்தில் வாயை வைத்துச் சொன்னார்:

“இவங்களையும் நீயே கூட்டிட்டுப் போறியேடா, திருட்டுப் பயலே. போ. மன்னிச்சுட்டேன்.”