பொட்டு வைத்த கணக்குப் புத்தகம்

லண்டன் குரோய்டனில் டிராமுக்குக் காத்து நின்றபோது சரோ அக்காவின் மகள் அழைத்தாள். "அங்கிள், அம்மா இண்டைக்குக் காலமை போயிட்டா." டிராம் வந்தது. நான் ஏறவில்லை.

மோர்டனில் நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அக்கா கணக்கு எடுத்ததை, அங்கே பிள்ளைகளை அனுப்பிய நீங்கள் அறிவீர்கள். பக்கத்து அறையில் நான் தமிழ் எடுத்தேன். சுவரைத் தாண்டி அவர் குரல் என் வகுப்புக்கும் சேர்த்தே பாடம் நடத்தும். "அழிக்காதை! பிழை அப்பிடியே கிடக்கட்டும். பக்கத்திலை சரியை எழுது." ரப்பரைக் கண்டால் பறிமுதல்தான்.

அமெரிக்கக் கணக்குப் புத்தகம் ஒன்றை அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பீங்கான்களுக்கு அடியிலிருந்து மீட்டு வந்தார். அமெரிக்கப் பள்ளிகள் ஆங்கிலேயப் பவுனை விட்டு டாலரில் கணக்குக் கற்பிக்கத் தொடங்கிய காலத்துப் புத்தகம், தோல் மட்டை. உள்ளே ஓரத்தில் ஏதோ ஒரு பிள்ளை மையால் பிழையாகப் போட்டு, கோடிழுத்து வெட்டிய கழித்தல். "பாருங்கோ தம்பி, அந்தக் காலத்திலையும் கடன் வாங்கிக் கழிக்க ஏலாத பிள்ளை இருந்திருக்கு!" என்று சிரித்தார். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்ததும் இதே புத்தகம்தான் என்பது அவர் கட்சி. ஆதாரம் கேட்டால் முறைப்பார்.

உள்ளூர் அருங்காட்சியகம் ஒன்று பழைய பள்ளிப் புத்தகக் கண்காட்சிக்கு அதைக் கேட்டது. அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "வந்த புதிசிலை என்ரை பேர் குரோய்டன் குடிவரவு ஒஃபிசிலை ஃபைலுக்குள்ளை கிடந்தது. இனி எல்லாரும் வாசிக்கிற மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள்ளை இருக்கட்டும்."

இடையில் சரஸ்வதி பூசை வந்தது. பிள்ளைகளின் புத்தகங்களோடு அதையும் அடுக்கி, மட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். பழைய தோல் அப்படியே குடித்துவிட்டது. புத்தகத்தை எடுத்துப்போக வந்த அருங்காட்சியகப் பெண் அதிர்ந்துபோனார். சுத்தம் செய்தால்தான் வைக்க முடியும் என்றார்.

அத்தனை ஆசை இருந்ததால் அக்கா ஒப்புக்கொள்வார் என்றே நினைத்தேன். அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளையின்ரை மை வரலாறு, என்ரை குங்குமம் மட்டும் ஊத்தையோ?" என்று என்னிடம் வெடித்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் மிகுந்த மரியாதையோடு மறுத்தார். வந்தவர் வெறுங்கையோடு போனார்.

சில நாட்களில் அந்தப் பெண்ணே திரும்பி வந்து, இருக்கிறபடியே வைக்கிறோம் என்றார். திறப்பு விழாவுக்கு அக்கா பட்டுச்சேலைக்கு மேல் குளிர்கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு அட்டை. அதில் புத்தகத்தைத் தந்தவர் என்று அவருடைய முழுப்பெயர். விரலால் தடவிப் பார்த்தார். அடுத்த வரியில் ஆங்கிலத்தில், மட்டையில் மதச் சடங்கினால் ஏற்பட்ட கறை உள்ளது என்று இருந்தது. எங்கள் முகம் மாறியதைக் கண்ட அந்தப் பெண், உடனே வேறு அச்சடிக்கிறேன் என்று பதறினார். அக்கா வேண்டாமென்று கையசைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

கண்காட்சி முடிந்ததும் புத்தகம் அக்கா வீட்டுக்குத் திரும்பியது. இப்போது மகளிடம் இருக்கிறது. குறிப்பு அட்டையைப் புத்தகம் திரும்பிய அன்றே நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்கா குரல் வராத அந்த வகுப்புச் சுவரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் வகுப்பிலும் இப்போது ரப்பருக்குத் தடை. அட்டை என் மேசையில் இருக்கிறது. அச்சிட்ட பிழையை யாரும் அழிக்கவில்லை. அதன் பக்கத்தில், அவருடைய சாய்ந்த கையெழுத்தில், தமிழில்: "கறையில்லை. பொட்டு."