கடப்பாரை குத்தாத நிலம்

குழிகளை மூடிவிட்டு, மேலே அடையாளத்துக்கு ஒரு கல்கூட நடாமல் போனது நீங்கள்தான். பேரை எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

லோடர் தொழிலில் பக்கெட்டால் மண்ணை அள்ளுவது சுலபம். மண்ணுக்கடியில் எவன் எதைப் புதைத்துவிட்டுப் போனான் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். என்னைப் போல வண்டி வாங்கித் தவணை கட்டிப் பேஜாராகிக் கிடக்கும் தோஸ்துகளே, உங்களுக்கும் இப்படி ஒன்றிரண்டு நடந்திருக்கும்.

ஒடுகத்தூர் கிணறு

பதினோரு வருஷமாக என் லோடரை ஓட்டியவன் தாஸ். புது நிலம் என்றால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, முதலில் கடப்பாரையோடு நடப்பான். நாலடிக்கு ஒரு குத்து. பக்கெட்டு நிறைய மண் ஏறினால் பாரமெல்லாம் முன் சக்கரத்துக்கு வந்துவிடும், அடியில் பொள்ளல் இருந்தால் வண்டி உள்ளே போய்விடும் என்பான்.

ஒடுகத்தூர் பக்கம் வீடு கட்ட ஒரு வேர்க்கடலைக் கொல்லையைச் சமப்படுத்தப் போனோம். "இன்னாபா, இம்மாம் பெரிய வண்டியக் கொண்டாந்துட்டு, கடப்பாரையில வேலை பாக்குறீங்க?" என்று நிலத்துக்காரர் சிரித்தார். மூலையில் ஒரு குத்தில் கடப்பாரை முக்கால்வாசி இறங்கியது. குப்பையும் சருகும் போட்டு மூடிய பழைய கிணறு. நிலத்தை விற்றவன் சொல்லவே இல்லை. நிலத்துக்காரர் குனிந்து ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். "எம் பசங்க தெனம் இங்கதான்பா வெளையாடுதுங்க" என்றார்.

பக்கெட்டில் ஆள்

ஆம்பூரில் ஒரு சர்ச் வளாகத்தில் ஜல்லி தள்ளிக்கொண்டிருந்தோம். கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்ட ஏணி எட்டவில்லை. பக்கெட்டில் ஒரு ஆளை ஏற்றித் தூக்கச் சொன்னார் கமிட்டிக்காரர். தாஸுக்குச் சொந்தம் வேறு. "இது மண்ணு ஏறுற எடம் மாமா, மனுஷன் ஏறுற எடம் இல்ல" என்று சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ரெண்டு நிமிஷ வேலைக்காக அடுத்த வேலை போய்விடுமே என்று நான் கத்தினேன். அவன் அசையவில்லை. கமிட்டிக்காரர் என்னைத்தான் பார்த்தார்: "வண்டி உங்களுதா, அவனுதாண்ணே?"

குத்தாமல் இறங்கினோம்

போன வருஷம், மூடிப்போன, தோல் பதனிடும் ஒரு டேனரியின் நிலத்தைப் பிளாட்டு போடச் சமப்படுத்தும் வேலை. மனை போடுகிறவர் பேரத்தில் எனக்கு மேல் இருந்தார். "வண்டி ஓடினாத்தான் வாடகை. இவரு கம்பி புடிச்சிக்கினு நடக்கிறதுக்கெல்லாம் குடுக்க முடியாது. நெலம் கல்லு மாதிரி கெட்டி" என்றார். அவர்மேல் வந்த கோபத்தை நான் தாஸிடம் காட்டினேன். "கடப்பாரையப் போட்டுட்டு வண்டியில ஏறுடா." அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தான். அன்றைக்குத்தான் என் பேச்சைக் கேட்டான்.

மூன்றாவது நடையில் முன் சக்கரம் இறங்கியது. சாம்பல் நிறச் சேறு பொங்கி, மூக்கு எரிந்தது. முடி உதிரத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி. கழிவோடு அப்படியே மண் போட்டு மூடியிருக்கிறார்கள். வண்டி சாய, தாஸ் குதித்தான். சாய்ந்த வண்டியின் ஏறுபடி அவன் வலது காலின் மேல் விழுந்தது.

பக்கத்து வேலையிலிருந்து இன்னொரு லோடர் வந்து வண்டியைத் தூக்கியது. ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அந்தச் சேற்றில் உள்ளே வர வழியில்லை. நான் கடப்பாரையை எடுத்து வழி நெடுகக் குத்திக்கொண்டே முன்னால் நடந்தேன். பின்னால் அந்த லோடர் பக்கெட்டில் தாஸைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். ரோட்டில் இறக்கும்போது என் கையைப் பிடித்தான். "மண்ணு ஏறுற எடத்துல நானே ஏறிட்டேன் பாருண்ணே."

மேரி கேட்டது

முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. அவன் மனைவி மேரி ஷூ கம்பெனியில் தைக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு யூனிஃபார்மோடு வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "அங்க வீடு கட்டப் போறாங்களே. ஒரு குழிதானாண்ணே, இன்னும் வேற குழி கீதா?" என்று கேட்டாள்.

டேனரியின் பழைய வாட்ச்மேனைத் தேடிப் பிடித்தேன். மொத்தம் ஆறு குழியாம். ஷெட்டை இடித்துவிட்டதால் எது எங்கே என்று அவருக்கும் பிடிபடவில்லை. மனை போட்டவரிடம் சொன்னால், பீதியைக் கிளப்பாதே என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கடப்பாரையோடு நடந்து இரண்டைக் கண்டுபிடித்துக் கல் நட்டிருக்கிறேன். தாஸை வாங்கியது ஒன்று. மீதி மூன்று. அதற்குள் ஒரு மனையில் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். வாட்ச்மேன் கடைசியாகச் சொன்னது இதுதான்: "குழிங்கள மூடச் சொன்னவருக்குத்தான் தெரியும்பா. எது எங்கன்னு போட்ட படம் அவரு கையிலதான் இருந்துச்சு."

அது நீங்கள்தான். போனை எடுப்பதில்லை, வீட்டுக்கு வந்தால் ஊரில் இல்லை என்கிறார்கள். இத்தனை வருஷம் எதற்கெடுத்தாலும் பேரம் பேசியே பிழைத்தவன் இதற்கு மட்டும் பேசப்போவதில்லை: சுவர் எழும்புவதற்கு முன்னால் வந்து அந்த மூன்று இடத்தையும் கை நீட்டிக் காட்டுங்கள், கடப்பாரையை நான் கொண்டுவருகிறேன்.