முள்ளைத் துடைத்த முடி

ஆம்ப்ளிஃபயர் இல்லாமலும் இசைத்தட்டு பாடும். தட்டைச் சுழலவிட்டு முள்ளை இறக்கி, காதைப் பக்கத்தில் கொண்டுபோனால், கொசு ரீங்காரம் அளவுக்கு, ஆனால் சொல் சொல்லாக, அந்த முள்ளிலிருந்தே பாட்டு வரும். முள்ளில் துளி தூசி ஒட்டியிருந்தால் போதும், பாட்டு மறைந்து பொரி வறுக்கிற சத்தம்தான் மிஞ்சும். அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் என் கை பிரஷைத் தேடுகிறது.

ஜீவனஹள்ளியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு அடுத்து ஒரு மரப்பட்டறை இருந்தது. அதன் தூள் எங்கள் சோற்றில்கூட விழும். தங்கவயலிலிருந்து வந்து "மைக்செட்" வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு அந்தத் தூளோடு தீராத சண்டை. கல்யாணக்காரர்கள் கேசட் கேட்க ஆரம்பித்த பிறகும் அவர் தட்டுகளை விடவில்லை. தட்டைத் துடைக்க, மரக்கட்டையில் வெல்வெட் துணி ஒட்டி ஒன்று செய்து வைத்திருந்தார். முள்ளைத் துடைக்கும் பிரஷைத்தான் அவர் லேசில் வாங்க மாட்டார். கடையிலேயே கண்ணை மூடி, பிரஷை இமைமேல் வருடிப் பார்ப்பார். "கண்ணு இமை பொறுத்துக்கினா முள்ளும் பொறுத்துக்கும்" என்பார். கடைக்காரர்கள் சிரிப்பார்கள்; கூட நிற்கும் எனக்கு வெட்கமாக இருக்கும். பஞ்சு கூடாது, அதன் இழை முள்ளில் மாட்டும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். அம்மா முந்தானையோடு தட்டின் பக்கம் போனாலே, "ஏய், அது இன்னா சோத்துத் தட்டா?" என்று கத்துவார்.

"அந்தத் தட்டுக்குக் குடுக்கிற மரியாதையில பாதி இந்த வூட்ல எனக்கு வந்தா போதும்" என்பாள் அம்மா.

அப்படிச் சொன்னவளுக்கும் ஒரு தட்டு இருந்தது. தங்கவயலில் மாதா கோயில் பாட்டுக் குழு வெளியிட்ட சின்னத் தட்டு. அதில் ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்தை அம்மாவின் தம்பி அருள் மாமா தனியாகப் பாடியிருந்தார். பிறகு சுரங்கத்தில் பாறை சரிந்து அவர் போய்விட்டார். வீட்டில் அவர் படம்கூடக் கிடையாது, குரல் மட்டும்தான் இருந்தது. டிசம்பரில் அவருடைய நினைவுநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றி, அம்மா அந்தத் தட்டைப் போடச் சொல்வாள். மற்ற நாளில் தொடவிட மாட்டாள்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தகராறு வெடித்து, தமிழர் என்றாலே அடி விழும் என்றானபோது அப்பாவின் சாமான்கள் ஈஜிபுராவில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தன. ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், பிரஷ் பெட்டி எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு, சந்து சந்தாக நடந்து வீடு சேர்ந்தார். வந்ததும் தமிழில் எழுதிய போர்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வீட்டுக்கார கௌரம்மா வந்து, "அண்ணா, பாட்டு கீட்டு பேடா, வேணா. ஸ்வல்ப தின, கொஞ்ச நாளு, சும்னே இரி. யாரானா கேட்டா எங்க வூட்டு ஜனம்னு நான் சொல்லிக்கிறேன்" என்று தன் கலப்புத் தமிழில் சொல்லிவிட்டு, யாரும் உள்ளே வராதபடி வெளியே பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

ஊரடங்கின் நடுவே மாமாவின் நாள் வந்தது. மத்தியானம் ஜன்னலைச் சாத்திவிட்டு, வீட்டிலிருந்த பழைய பிளேயரில் அப்பா தட்டைப் போட்டார். தலைகளைச் சேர்த்துக் குனிந்து கேட்டோம். பொரி வறுக்கிற சத்தம்தான் வந்தது. முள் நுனியில் மரத்தூள் பஞ்சுபோல் சுருண்டிருந்தது.

அப்பா வீட்டையே கலைத்துப் போட்டார். பல் தேய்க்கிற பிரஷை இமையில் வைத்துப் பார்த்துத் தூக்கி எறிந்தார். சவர பிரஷ் குத்தியது. என் பள்ளிக்கூட பிரஷ் பெயின்ட் காய்ந்து குச்சியாகியிருந்தது. "அடுத்த வருஷம் கேட்டுக்கலாம் மேரி" என்றார்.

"அடுத்த வருஷம் நாம எந்த ஊர்ல இருப்போமோ?" என்றாள் அம்மா.

பிறகு என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையான தங்கை ஸ்டெல்லாவைக் குப்புறத் திருப்பி, பிடரி முடியைத் தன் இமையில் வைத்துப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். அப்பா எழுந்தே விட்டார். அது வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்த முடி. மொட்டை போடும்வரை கத்தி படக் கூடாது என்று அவரையே மிரட்டி வைத்திருந்தவள் அம்மா.

"நேர்ந்த முடிம்மா அது. புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

"மாதா கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க நூல் எடுங்க."

தீக்குச்சி நுனியில் வெட்டிய முடியை நூலால் கட்டி, அப்பா பின்னாலிருந்து முன்பக்கமாக ஒரே இழுப்பில் முள்ளைத் துடைத்தார். மறுபடி இறக்கினார். இரண்டாம் சரணம் வந்தது. அருள் மாமா மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அம்மா அழவில்லை, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சரணம் முடியும் முன் தெருவில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. அப்பா முள்ளைத் தூக்கிவிட்டார். மாமாவின் கடைசி வரி அப்படியே நின்றது.

அந்த வாரம் ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் வந்தது. மரப்பட்டறைத் தூளால் அடிக்கடி வருகிற காய்ச்சல்தான். ஆனால் அம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டபடி யாரிடமோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். காய்ச்சல் இறங்கியது, அவள் பயம் இறங்கவில்லை. ஈஜிபுராவில் விட்ட சாமான்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அப்பா கூலி வேலைக்குப் போனார், நான் ஐந்தாம் வகுப்போடு நின்று மரப்பட்டறையில் சேர்ந்தேன். மறுவருஷம் வேளாங்கண்ணியில் ஸ்டெல்லாவுக்கு மொட்டை போட்டபோது, அம்மா தீக்குச்சியிலிருந்து அந்த முடியை அவிழ்த்து, தூசியோடு மற்ற முடியில் சேர்த்தாள். அதன்பிறகு அவள் இருந்தவரை அந்தத் தட்டைப் போடச் சொல்லவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஸ்டெல்லா இப்போது வைட்ஃபீல்டில் வேலை செய்கிறாள். போன மாதம் புது பிளேயர், ஸ்பீக்கர், ஒரு டப்பா நிறைய பிரஷ்கள் எல்லாம் வாங்கி வந்தாள். "அண்ணா, இதுல எது நல்லது? நீதான் சொல்லணும்" என்றாள். முள்ளுக்கான பிரஷை எடுத்து இமைமேல் வருடிப் பார்த்தேன். "ஐய, மேக்கப் போடுறியா?" என்று சிரித்தாள். கடைசி வரி பாதியில் நின்றதை அம்மா அவளிடம் சொல்லியிருந்தாள்; இமையையும் முடியையும் பற்றி யாரும் சொன்னதில்லை.

மரப்பட்டறை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. கௌரம்மாவின் வீடும் இல்லை. கதவுக்கு வெளியே பூட்டுப் போட யாரும் இல்லை, அதற்கான தேவையும் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மாமாவின் தட்டைத் துடைத்து வைத்தேன். முள்ளையும் துடைத்தேன்.

"சத்தமா வை, அந்தக் கடைசி வரி கேக்கணும்னு அம்மா எத்தினி ஏங்கியிருப்பாங்க" என்றாள் ஸ்டெல்லா.

நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்துதான் முள்ளை இறக்கினேன்.