இரண்டு பேருக்கான வண்டி

மதுக்கூரில் சைத்தூன் பீவியைத் தெரியாதவர்கள்கூட அவள் வீட்டுத் தென்னை மரத்தடியில் நின்ற சிவப்பு வண்டியைத் தெரிந்து வைத்திருந்தார்கள். யாராவது வழி கேட்டால் அதுதான் அடையாளம். "ஓடாத கார் ஒண்ணு நிக்கும் பாருங்க, அதுக்கு எதிர்ச் சந்து" என்று கை காட்டிவிட்டுப் போவார்கள். தன் வீட்டுக்கு இப்படி ஒரு பெயர் விழுந்ததில் சைத்தூனுக்கு எரிச்சல்தான். அந்த வண்டியும் ஒரு காலத்தில் ஓடியது, அதில் தானும் ஏறிப் போனவள்தான் என்று எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

கல்யாணம் முடிந்த சில வாரங்களிலேயே அவள் புருஷன் சலாஹுதீன் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான். அங்கே ஓர் அரபி வீட்டில் டிரைவர் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாசம் லீவில் வருவான். முதல் மாசம் சொந்தக்காரர்கள் வீட்டு விருந்தில் கரையும். அடுத்த மாசம் பெட்டி கட்டுவதில் கரையும். இப்படி வந்து போனதில் மகள் ஹஃப்ஸா பிறந்து, பள்ளிக்கூடம் போய், அத்தா என்றால் ஒரு பெரிய பெட்டி என்று நினைக்கும் அளவுக்கு வளர்ந்தும்விட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரெங்கும் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்துக்கொண்டிருந்த சமயத்தில், சலாஹுதீன் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். வெளிநாட்டு சென்ட்டும் சோப்பும் பட்டுக்கோட்டைக் கடைகளிலேயே கிடைக்க ஆரம்பித்திருந்ததால் அவன் பெட்டியை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. மதிக்க வைத்தது வண்டிதான். அரபியின் மகன் ஓட்டிச் சலித்துப்போன ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அது. 'இத்தனை வருஷம் ஓட்டினாயே, வைத்துக்கொள்' என்று அரபி கொடுத்ததைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். இரத்தச் சிவப்பு நிறம். மேற்கூரையைக் கழற்றலாம். இடுப்பு உயரத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும். ஸ்டியரிங் இடது பக்கம். உள்ளே இரண்டே சீட்.

"நான் எங்க உக்கார்றது?" என்று ஹஃப்ஸா அழுதாள். தெருவே சிரித்தது. குடும்பஸ்தன் கொண்டு வரும் வண்டியா இது என்று கேட்காத ஆள் இல்லை. சைத்தூனும் வெளியே சிரித்து வைத்தாள். ஆனால் இரண்டு சீட்டைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. இத்தனை வருஷமாக மாமியார், நாத்தனார், பிள்ளை, விருந்தாளி என்று யாராவது நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த வண்டியில் அதற்கு இடமே கிடையாது.

அவன் போட்ட திட்டமும் மோசமானதில்லை. சுத்துப்பட்டு ஊர்களில் நிக்காஹ் என்றால் மாப்பிள்ளை ஊர்வலம் இல்லாமல் இருக்காது. எல்லோரும் அம்பாசடர் காரைத்தான் பூவால் மூடி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கூரையைக் கழட்டிட்டு மாப்பிள்ளைய உக்கார வச்சா ஊரே பார்க்கும் சைத்தூன். சீசனுக்கு நாலு கல்யாணம் கிடைச்சாப் போதும். வண்டி ஓடுற வரைக்கும் நான் எங்கேயும் போகமாட்டேன்" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஓடினால் மனுஷன் வீட்டில் இருப்பான். அவளுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

மாசி மாசத்தில் ஒரு நாள் இருவரும் தஞ்சாவூர் வரை போய்வரக் கிளம்பினார்கள். வழியெல்லாம் ஒரே கூத்து. வலது பக்கம் உட்கார்ந்திருந்த சைத்தூனைப் பார்த்து, புர்கா போட்ட பொம்பளை ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டி வருகிறாள் என்று எதிரே வந்த பஸ் டிரைவர்கள் மிரண்டு ஒதுங்கினார்கள். அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. திரும்பும்போது ஒரத்தநாட்டில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அவ்வளவுதான், ஈ மொய்ப்பதுபோல் கூட்டம் மொய்த்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவள் பக்கத்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பெரிய ஆம்பளைகள் குனிந்து உள்ளே பார்த்தார்கள். சைத்தூன் கூனிக் குறுகிப்போனாள்.

"மச்சான், இனிமே வழியில எங்கேயும் நிறுத்தாதீங்க" என்றாள்.

"சரிம்மா, நிறுத்தலை" என்று அவனும் வாக்குக் கொடுத்தான்.

ஊரைத் தாண்டியதும் ரோட்டில் பாதி அகலத்துக்கு உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கினால் காய் வெடித்து உளுந்து உதிரும், அடிக்கிற கூலி மிச்சம். அந்தச் சீமையில் வண்டி ஓட்டுகிற எவனும் அதற்காக முகம் சுளிக்கமாட்டான். ஓரத்தில் நின்ற ஒரு பெண், ஏறிப் போங்க என்று கையை ஆட்டினாள். சலாஹுதீனும் பெருந்தன்மையாக வண்டியைச் செடிமேல் ஏற்றினான். செடி காற்றில் நகராமல் இருக்க ஓரத்தில் வைத்த கருங்கல் ஒன்று செடிக்குள் மூடிக் கிடந்தது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் அது கல்லே இல்லை. தரையோடு போகிற இந்த வண்டிக்கு அடிவயிற்றில் இடித்தது. டங்கென்று ஒரு சத்தம். சற்று தூரம் போனதும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்ன மச்சான் அது?"

"ஆயில் விளக்கு. நிறுத்திப் பார்க்கணும்" என்றவன், முன்னால் தெரிந்த கடைத்தெருவையும் அங்கே உட்கார்ந்திருந்த ஆட்களையும் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "பரவாயில்லை, கொஞ்சம் தள்ளிப் போயிருவோம்."

வண்டி ஓட்டுவதில் அவன் கெட்டிக்காரன். ஆனால் அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட பானட்டைத் திறந்தவனில்லை. அரபி வீட்டில் அதற்கென்று வேறு ஆள் இருந்தான். இன்னும் கொஞ்ச தூரம் என்று ஓட்டியதில், எஞ்சின் இரும்பை இரும்பால் அறுப்பதுபோல் ஓர் ஓலமிட்டு அப்படியே இறுகி நின்றது. கடைசியில் கூட்டம் கூடத்தான் செய்தது. டிராக்டரில் கட்டி ஒரத்தநாட்டுக்கு இழுத்துப் போனார்கள்.

நிறுத்தாதீங்க என்று சொன்னது அவள். அதை அவன் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பாள். சொல்லாததால் அது நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

ஒரத்தநாட்டில் பட்டறை வைத்திருந்தவர் தியாகேசன். டிராக்டர், லாரி, ஜீப் எல்லாம் அவர் கையில் பட்டுப் பிழைத்தவை. எஞ்சினை இறக்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்து சொன்னார்.

"கல்லு பட்டு ஆயில் சேம்பர் வெடிப்பு விட்டிருக்கு பாய். சொட்டு ஆயில் இல்லாம ஓடியிருக்கீங்க. பேரிங் உருகி கிராங்க்கோட ஒட்டிக்கிச்சு. கவலைப்படாதீங்க, நான் ஓட வச்சுத் தர்றேன்."

அந்த மனுஷர் நல்லவர்தான். ஆனால் வெளிநாட்டு எஞ்சினைக் கண்டதும் கைக்கு அரிப்பு எடுத்துவிட்டது. பேரிங் எந்த அளவில் கிடைக்கும் என்று விசாரிக்கும் முன்பே கீறல் விழுந்த கிராங்க் தண்டைத் தஞ்சாவூர் லேத்துக்குக் கொண்டுபோய் அரைத்து வழவழப்பாக்கிவிட்டார். அரைத்த கிராங்க் இளைத்துவிடும். அதற்குத் தடித்த பேரிங் வேண்டும். துபாயில் சலாஹுதீனோடு ஒரே அறையில் தங்கியிருந்த அப்துல் வஹாப், லீவில் வரும்போது ஒரு கைலிக்குள் சுற்றிப் பேரிங் டப்பாவைக் கொண்டுவந்தான். ஹஃப்ஸா தெருவெல்லாம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பிரித்து வைத்துப் பார்த்தால் அரைக்காத கிராங்க்குக்கு உள்ள அளவு. போட்டால் கலகலவென்று ஆடியது.

"அரைச்சதைத் திரும்ப ஒட்டவா முடியும்?" என்று தியாகேசன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தடித்த பேரிங் துபாயிலும் கிடைக்கவில்லை. அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள் என்று வஹாப் திரும்பிப் போய்ப் போன் பண்ணிச் சொன்னான்.

இதற்கு நடுவில் காத்தாயி வந்தாள். ரோட்டோரம் நின்று கையை ஆட்டிய பெண் அவள்தான். பண்ணையார் வயலில் நாற்று நட்ட குடும்பம், இப்போதுதான் சொந்தமாகத் துண்டு நிலம் வாங்கி முதல் உளுந்து எடுத்திருந்தார்கள். பட்டறையில் விசாரித்துக்கொண்டு பஸ் ஏறி வந்து, ஒரு பை உளுந்தை வாசலில் வைத்தாள்.

"எங்க கல்லுதாம்மா. கார்தானே, தாண்டிப் போயிடும்னு நெனச்சுப்புட்டேன்" என்று அழுதாள்.

திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தாள் என்று பார்த்தால் அவளையும் திட்ட முடியவில்லை. சைத்தூன் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அந்த உளுந்தில் சுட்ட வடையை சலாஹுதீன் தலை நிமிராமல் தின்றான்.

அடுத்த ஆவணியில் தியாகேசன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜீப்புடைய பேரிங்கைச் சீவி, ராவி, அந்த அளவுக்குக் கொண்டுவந்து மாட்டினார். எஞ்சின் கிளம்பியது. வீட்டு வாசலில் வந்து நின்று உறுமியது. சைத்தூன் ரவையில் தம்ரூட் இனிப்பு கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள். உள்ளே ஏதோ தட்டுகிற சத்தம் அவளுக்கே கேட்டது. கேட்காததுபோல் இருந்துகொண்டாள்.

கூத்தாநல்லூர்ப் பக்கத்தில் ஒரு கல்யாணம் அமைந்தது. அஸர் தொழுகை முடிந்து ஊர்வலம் புறப்பட்டது. கூரை இல்லாத சிவப்பு வண்டியில், மல்லிகைச் சரத்துக்குள் மாப்பிள்ளை. முன்னால் பைத்துப் பாட்டுப் படிக்கிறவர்கள் அடிமேல் அடிவைத்து நடந்தார்கள். வேகமாகப் போகச் செய்த வண்டியை அப்படி நடை வேகத்தில் உருட்டினால் என்ன ஆகும்? சூடு ஏறியது. தட்டுகிற சத்தம் பெரிதானது. பள்ளிவாசல் திருப்பத்தில் பட்டென்று வெடித்தது. ராடு முறிந்து எஞ்சினின் பக்கவாட்டைக் குத்திக்கொண்டு வெளியே வந்து, ரோடெல்லாம் ஆயில். மாப்பிள்ளையை நடுவழியில் இறக்குவது நல்ல சகுனம் இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எனவே மாப்பிள்ளையின் மாமன்மார் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண் வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளினார்கள். சலாஹுதீன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் சிரிப்பு. ஓடாத வண்டிக்கும் ஓட்டுகிறவன் ஒருத்தன் வேண்டியிருக்கிறதே.

தியாகேசன் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போனது.

"பிளாக்கே போயிடுச்சு பாய். இனிமே இதை ஒண்ணும் பண்ண முடியாது. வேற எஞ்சின்தான்." கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் பட்டறைக்குள் போய்விட்டார்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் சலாஹுதீன் கேட்டது ஒன்றுதான். "என் பச்சைப் பெட்டி எங்க இருக்கு?"

அவன் துபாய்க்குக் கொண்டுபோகிற பெட்டி அது. சைத்தூன் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வேறென்ன செய்வாள்?

"ரெண்டே வருஷம். அங்க பழைய எஞ்சின் முழுசாவே கிடைக்கும். வாங்கிக் கப்பல்ல போட்டுட்டுப் பின்னாலேயே வந்துருவேன். அதுவரைக்கும் வண்டியைப் பாத்துக்க" என்று சாவியை அவள் கையில் வைத்து மூடினான்.

அவள் பார்த்துக்கொண்டாள். தார்ப்பாய் வாங்கி மூடினாள். ஐப்பசி மழைக்கு முன் செங்கல் அடுக்கி உயர்த்தி வைத்தாள். தென்னை மட்டை விழுந்து கண்ணாடி விரிந்தபோது தானே நாடா ஒட்டினாள். இரண்டு வருஷம் நாலானது, நாலு எட்டானது. லீவில் வரும்போதெல்லாம் அவன் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பான், எஞ்சின் பார்த்து வைத்திருக்கிறேன் என்பான், போய்விடுவான். பிற்பாடு தூக்கிப் பார்ப்பதும் நின்றது. ஹஃப்ஸாவின் கல்யாணத்துக்கு வந்தவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அதன் பிறகு லீவுக்கு வருவதும் குறைந்துபோனது.

செல்போன் வந்துவிட்ட காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூப்பிட்டான். சாப்பாடு, சர்க்கரை மாத்திரை எல்லாம் விசாரித்துவிட்டுச் சொன்னான்.

"அந்த வண்டி எதுக்கு சைத்தூன் இடத்தை அடைச்சுக்கிட்டு? எடைக்குப் போட்டுரு."

"அப்ப எஞ்சின்?"

"அதெல்லாம் இனிமே எங்க."

"அப்ப நீங்க?"

"நான் எங்க போறேன்? இங்கதானே இருக்கேன். விசாவும் புதுப்பிச்சுட்டாங்க." லைனில் இரைச்சல் வந்தது. வைத்துவிட்டான்.

எத்தனையோ தடவை இந்தச் சனியன் தொலையட்டும் என்று அவளே திட்டியிருக்கிறாள். அவன் வாயால் அதைக் கேட்ட பிறகு பழைய இரும்பு எடைக்காரனுக்குச் சொல்லி அனுப்ப அவளுக்கு ஒரு மாசம் பிடித்தது.

எடைக்காரன் லாரியோடு வந்தான். தள்ளுவதற்கு நாலு ஆள் கூட்டி வந்திருந்தான். காற்றடித்துச் சக்கரத்தைத் தேற்றிவிட்டு, "ஸ்டியரிங்கைப் பிடிக்க யாராவது உக்காரணுமே. ஆம்பளை யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டான்.

சைத்தூன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இடது பக்கக் கதவைத் திறந்து, எலி கடித்த சீட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டியரிங் பாறாங்கல்லாகக் கனத்தது. இரண்டு கையாலும் திருப்பினாள். வண்டி தென்னை மரத்தைச் சுற்றி, வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கியது. எதிரே சைக்கிளில் வந்தவன் மிரண்டு ஒதுங்கினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சலாஹுதீன் இனி வரமாட்டான் என்று அந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கையில்தான் மனசு ஒப்புக்கொண்டது.

லாரி ஓரம் வந்ததும் இறங்கி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த சாவியை எடைக்காரனிடம் நீட்டினாள்.

"இதுக்கு எதுக்கும்மா சாவி? நீங்களே வச்சுக்குங்க" என்றான் அவன்.

அவள் சாவியோடு வீட்டுக்குள் போனாள்.