பழவேற்காட்டில் ஏறாத படகு

நான் வெளிநாட்டில் வளர்ந்தவன். இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து, லண்டனா, கனடாவா என்று கேட்பார். கும்மிடிப்பூண்டி என்பேன். அதன்பிறகு அவருக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிடும்.

இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தபோது எனக்கு நினைவு தெரியாத வயது. அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான். மூன்று பேருக்கும் அகதி முகாமில் ஓர் அறை, ஒரு குடும்ப அட்டை. அப்பா எங்களோடு படகேறவில்லை. ஏன் என்று கேட்டால் அம்மா அரிசி களையப் போய்விடுவார். மாமா தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் பெயின்ட் அடித்தார். ஆறு நாளும் தின்னர் வாசனை, ஞாயிறன்று மட்டும் மனித வாசனை.

வெளிநாட்டில் வசிப்பவர்கள் விடுமுறை நாளில் ஊர் சுற்றிப் பார்ப்பார்கள். நாங்களும் பார்ப்போம். வாசலில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போய் மாலை ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். அவ்வப்போது ‘செக்கிங்’ நடக்கும். அட்டையில் உள்ள தலைகளெல்லாம் அதிகாரியின் முன்னால் வந்து நிற்க வேண்டும். வராத தலையை அடித்துவிடுவார்கள், பேனாவால்தான்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். பக்கத்து லைன் பையன்கள் வண்டலூரில் புலி பார்த்துவிட்டு வந்து ஒரு மாதமாக அதையே மென்றுகொண்டிருந்தார்கள். என் பங்குக்குச் சொல்ல ஒரு முயல்கூட இல்லை. மாமாவை நச்சரித்தேன். ஒரு ஞாயிறு பொன்னேரி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனார்.

ஏரியில் படகுகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு சவாரி போகலாமா என்று கேட்க மாமா வாயைத் திறந்ததுமே படகுக்காரர் எங்களைக் கண்டுபிடித்துவிட்டார்.

“சிலோன்காரங்களா? வேணாம்பா. உங்கள ஏத்திக்கினு போனா அப்பால எனக்குத்தான் பேஜாரு.”

“பிள்ளை ஆசைப்பட்டிட்டான், அண்ணை. கரையோரமா ஒருக்கா...”

“இன்னாபா, சொன்னா புரியாதா? புள்ளைக்கு ஐஸ் வாங்கிக் குட்த்து இட்டுனு போ.”

மாமா ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குச்சியைச் சப்பியபடி, ஒரு புலிக்கு ஈடாக இந்த ஏரியை எப்படி விற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பியபோது ஆறு மணிகூட ஆகவில்லை. ஆனால் முகாமில் திடீர் செக்கிங். வரிசையில் அம்மா அட்டையோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் புலி பார்த்த பையன்கள். மேசைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஓர் அதிகாரி, என் கன்னத்தைத் தட்டினார்.

“எங்கடா சுத்திக்கினு வர்ற?”

“பழவேற்காடு, சேர்.”

“அங்க இன்னா பார்த்த?”

ஏரி என்று சொல்லியிருக்கலாம். பையன்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“படகு, சேர். மாமா படகுக்காரரோட கதைச்சவர். அடுத்த கிழமை பெரிய படகில தூரமாப் போகப் போறம். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது.”

கடைசி வாக்கியம் மெருகுக்காகச் சேர்த்தது.

முகாமிலிருந்து யாரும் படகேறிப் போய்விடாமல் பார்ப்பதுதான் அவருடைய வேலையே என்று எனக்குத் தெரியாது. பேனா நின்றது. மாமா சிரிக்கப் பார்த்தார்.

“சின்னப்பிள்ளை, சேர். பகிடிக்குச் சொல்றான். ஒரு சவாரி கேட்டனான், அவர் ஏத்தேல்லை.”

“நீ கம்முனு இரு.” அதிகாரி என் பக்கம் குனிந்தார். “நீ சொல்லு. நெசமா, பொய்யா? உங்கம்மா மேல சத்தியம் பண்ணு பார்க்கலாம்.”

பொய் என்று ஒப்புக்கொண்டால் அந்தப் பையன்கள் என்னை ஆயுளுக்கும் விடமாட்டார்கள். அம்மாவின் தலையில் கைவைக்க எனக்கு எட்டவில்லை. அம்மாவே குனிந்து கொடுத்தார். சத்தியம் செய்தேன்.

இப்போது எழுதிப் பிழைக்கிறேன். நான் சொன்னதை வார்த்தை வார்த்தையாக எழுதிக்கொண்டு நம்பிய வாசகர் அந்த அதிகாரிக்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

மாமாவை ஜீப்பில் ஏற்றினார்கள். வெளியே பூட்டுப் போடுகிற வேறொரு முகாமுக்கு. ஜீப் கிளம்புமுன் அம்மா ஓடிப்போய் ஒன்றே ஒன்று கேட்டார்.

“எங்களை விட்டுட்டோ தம்பி போகப் பார்த்தனீ?”

“இல்லை அக்கா.”

அம்மா நம்பவில்லை. சத்தியம் செய்தவன் நானல்லவா. இரண்டு வருடம் கழித்து மாமாவை அங்கிருந்தே இலங்கைக்கு அனுப்பியபோது வழியனுப்பவும் போகவில்லை. அம்மா இறக்கும்வரை நானும் வாய் திறக்கவில்லை. மற்ற எல்லா விஷயங்களிலும் நான் வாயாடி.

ஜீப் போன பிறகு பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, படகு எவ்வளவு பெரிசு என்று கேட்டார்கள். கையை விரித்துக் காட்டினேன். அறைக்குள் அம்மா அழுதுகொண்டிருந்தார். ஜீப் போனதற்காக அழுகிறார், அது திரும்பி வந்தால் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். தன்னை ஏற்றாமல் போகவிருந்த அந்தப் படகுக்காகத்தான் அழுதார் என்பது, படகைக் கட்டிய எனக்குத் தெரியவில்லை.